முகத்துவாரம் சொன்ன ‘உள்ளேன்’

தமயந்தி டீச்சர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை முதன்முதலாக முகத்துவாரத்துச் சேற்றில் இறக்கிய அன்று, காய்ச்சலில் வீட்டில் படுத்துக் கிடந்த வினோதனின் பேரை ஞாபகமில்லாமல் கூப்பிட்டபோது, ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் தண்ணீர் ஒரு குமிழி விட்டு, வினோதனின் அதே மூக்கடைத்த குரலில், “உள்ளேன் டீச்சர்” என்றது. டீச்சர் அடுத்த பேருக்குப் போய்விட்டார். பிறகு தலைகளை எண்ணினார், ஒன்று குறைந்தது, மறுபடி எண்ணினார், மறுபடியும் குறைந்தது. பிள்ளைகளோ முழங்கால் சேற்றில் வரிசையாக நின்றுகொண்டு, “வினோதன் வரல டீச்சர், தண்ணிதான் சொல்லிச்சி” என்று, பக்கத்து பெஞ்சுக்காரனைக் காட்டிக் கொடுக்கிற அதே அலுப்போடு சொன்னார்கள். டீச்சர் நம்பவில்லை. யாரோ குரல் மாற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று எல்லோரையும் ஒரு தடவை முறைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்.

எங்கள் கொண்டல்துறையில் எதையும் உடனே நம்புகிற வழக்கம் கிடையாது. இங்கே போன வருஷம் மேடாக இருந்த இடம் இந்த வருஷம் ஆளை விழுங்கும், முகத்துவாரம் ஒரு மழைக்கு வடக்கே திறக்கும், அடுத்த மழைக்குத் தெற்கே திறக்கும், காலை வைக்குமுன் கழியால் குத்திப் பார்த்தே பழகிவிட்ட நாங்கள் மனுஷர்களையும் அப்படித்தான் குத்திப் பார்ப்போம், அதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. டீச்சர் தருமபுரிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், கடலையே இங்கே வந்துதான் பார்த்தார். அப்பேர்ப்பட்டவர் எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்லித் தரப் போகிறார் என்றதுமே, யார் அனுப்பியது, எந்தக் கம்பெனிக்கு இடம் பார்க்கிறார், சேற்றை எதற்காகச் சல்லடையில் அள்ளுகிறார் என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது.

பாடம் என்னவோ சாதாரணமானதுதான். பிள்ளைகள் நண்டு வளைகளைப் பார்த்தார்கள், அலையாத்தி மரத்தின் வேர்கள் மூச்சு விடுவதற்காகச் சேற்றுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருப்பதைத் தொட்டுப் பார்த்தார்கள், சல்லடையில் சிக்கிய புழுவையும் சிப்பியையும் வெள்ளைத் தட்டில் போட்டு எண்ணிவிட்டுத் திரும்ப விட்டார்கள். ஜூஸ் கடை ஸ்ட்ராவின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, பேனாவால் கோடு போட்டு, தண்ணீரில் நிமிர்ந்து மிதக்க விட்டு உப்பை அளந்தார்கள். உப்புத் தண்ணீர் கனமானது, ஸ்ட்ராவைத் தூக்கிக் காட்டும். நல்ல தண்ணீர் லேசானது, அதில் ஸ்ட்ரா கழுத்து வரைக்கும் அமிழும். ஆற்றுத் தண்ணீர் மேலாக ஓடி வரும், கடல் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்து உள்ளே ஏறும் என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதியா? ஆனாலும் ஒரு ஸ்ட்ரா வந்து அதைச் சொன்னால், ஸ்ட்ராவுக்கு யார் சொன்னது என்று கேட்கிறவர்கள் நாங்கள்.

அடுத்த வகுப்பிலும் தண்ணீர் பதில் சொன்னது. அதற்கடுத்த வகுப்பிலும் சொன்னது. வராத பிள்ளை யாராக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் குரலிலேயே சொன்னது. ஊரே திரண்டு போய் அலையாத்திக் காட்டில் ஸ்பீக்கர் ஒளித்து வைத்திருக்கிறதா என்று தேடினோம், மூச்சடக்கத் தெரிந்தவர்கள் முங்கிப் பார்த்தார்கள், டீச்சரின் கைப்பையைக்கூட அவர் முன்னாலேயே கவிழ்த்துப் பார்த்தோம். அறுந்த வலையும், பழைய டயரும், ஒரு ஜோடிச் செருப்பும் கிடைத்தன. செருப்பு யாருடையது என்று ஒரு வாரம் சண்டை நடந்தது.

ஒன்றும் அகப்படாததால், வேறு வழியில்லாமல், உபயோகப்படுத்தத் தொடங்கினோம். வெளிநாட்டில் வேலை செய்கிற புருஷன்மாரின் பேரை இளம் பெண்கள் கரையில் நின்று கூப்பிட்டார்கள். மூத்தவர்கள் புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பதால் பிள்ளைகளை விட்டுக் கூப்பிட வைத்தார்கள். தண்ணீர் ஒவ்வொரு குமிழியாக விட்டு “உள்ளேன் ஐயா”, “உள்ளேன் சார்” என்று, அவரவர் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொன்னது. பதில் வந்த கையோடு போன் போட்டு, “நீ இங்க பேசினியா?” என்று பெண்கள் கேட்க, அந்தப் பக்கம் தூக்கத்திலிருந்து எழுந்த புருஷன், “எந்தப் பய அங்க என் குரல்ல பேசறான்?” என்று கத்த, பல வீடுகளில் நிம்மதி போயிற்று.

யாரோ ஒருவர் துணிந்து, முன்பு கடல் அலையில் செத்துப்போன தன் அக்காள் பேரைக் கூப்பிட்டார். “உள்ளேன் டீச்சர்” என்றது தண்ணீர். அந்த இடத்திலேயே அவர் உட்கார்ந்து அழுதார். அன்றைக்குத்தான் ஊர் இரண்டாகப் பிரிந்தது.

காரணம் அந்த ஒரு சொல். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் எங்கள் ஊரில் யாரும் ‘உள்ளேன்’ என்று சொல்வதில்லை, இருக்கேன் என்றுதான் சொல்வோம். உள்ளேன் என்றால் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம் என்றது ஒரு கட்சி. உள்ளே இருக்கிறேன், இந்தத் தண்ணீருக்குள்ளே கிடக்கிறேன் என்று அர்த்தம் என்றது இன்னொரு கட்சி. பள்ளித் தமிழாசிரியரை டீக்கடைக்கு அழைத்து வந்து உட்கார வைத்துக் கேட்டோம். அவர் அது தன்மை ஒருமைக் குறிப்பு வினைமுற்று என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். அவர் எங்களில் எந்தக் கட்சி என்று கடைசி வரைக்கும் தெரியாததால், அவர்மேலும் சந்தேகம் வந்தது. பஞ்சாயத்தார் கூடி, ஊரில் குழப்பம் வேண்டாம், உள்ளேன் என்றால் தண்ணீருக்குள்ளே என்றுதான் பொருள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் வெளிநாட்டில் பிள்ளைகள் கிடையாது.

அந்தத் தீர்ப்பு யார் தலையில் விழுந்ததோ இல்லையோ, அஞ்சலாட்சியின் தலையில் விழுந்தது. அவள் கருவாடு காயப்போடுகிறவள். அவள் புருஷன் வடமலையும், வடமலையின் தம்பி தணிகாசலமும் இரண்டு வருஷத்துக்கு முன்பு பைபர் படகில் போனார்கள், தணிகாசலம் மட்டும் திரும்பி வந்து, அண்ணனைக் கடல் நீவாடு இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றான். உடம்பு கிடைக்கவில்லை. நீரோட்டம் எங்களுக்குத் தெரியும், அன்றைக்கு நீவாடு அப்படி ஒன்றும் இல்லை, அதனால் தம்பிக்காரன்தான் ஏதோ செய்திருக்கிறான் என்று முடிவு கட்டினோம். போலீஸில் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவனோடு ஒரே படகில் ஏறவும் யாரும் சம்மதிக்கவில்லை. அஞ்சலாட்சி பூ வைத்தால் யாருக்காக என்றார்கள், வைக்காவிட்டால் அவளுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது என்றார்கள். கல்யாண வீட்டில் எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியாமல், பாவம், அவள் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். அவர் இருக்கிறாரா இல்லையா என்ற ஒரே ஒரு சங்கதி தெரிந்தால் போதும் அவளுக்கு. இருந்தும் அவள் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது, மகளைக் கூப்பிட வைக்கவும் மனசு வரவில்லை.

தணிகாசலம்தான் ஒரு நாள் மத்தியானம் கரையில் நின்று அண்ணன் பேரைக் கூப்பிட்டான். “உள்ளேன் சார்” என்று வடமலையின் கரகரத்த குரல் வந்ததும், நேரே அண்ணி வீட்டு வாசலுக்குப் போய் நின்றான்.

“அண்ணி, அண்ணன் உள்ளதான் இருக்குது. பஞ்சாயத்துலயும் சொல்லிட்டாங்க. தை அமாவாசை வருது. எள்ளுந் தண்ணியும் எறைச்சி முடிச்சிடுவோம்.”

“உள்ளேன்னா உசுரோட இருக்கேன்னும் சொல்றாங்களே, தம்பி.”

“எத்தன நாளைக்கு அண்ணி இப்படியே குந்திக்கினு இருப்ப?”

“எனக்குத் தெரியற வரைக்கும்.”

அவசரப்படுத்துகிறான் பார், எதையோ மூடப் பார்க்கிறான் என்று பேசிக்கொண்டோம். அதற்காக அஞ்சலாட்சியை விட்டுவிட்டோம் என்று இல்லை. அப்பன் குரலை மகள்தான் எங்கோ மறைந்திருந்து போடுகிறாள், தாயும் மகளும் சேர்ந்து ஆடுகிற நாடகம் என்றும் சொன்னோம்.

மகள் பவதாரணி ஏழாம் வகுப்பில் படித்தாள். அப்பனின் உயரமும் அம்மாவின் பிடிவாதமும் உள்ள பெண். தண்ணீர் பதில் சொல்வதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சலித்துப்போய் நண்டு பிடிக்கப் போய்விட்டார்கள், இவள் மட்டும் குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் டீச்சரிடம் போய், எல்லாக் குமிழியும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை என்றாள். சில மேலாகவே வெடிக்கின்றன, சில அடியிலிருந்து ஏறி வந்து வெடிக்கின்றன என்றாள்.

டீச்சருக்கு அதுவரை அந்தத் தண்ணீரின் மேல் இருந்தது பயம்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவருக்கு ஆசை வந்தது. இரண்டு பேரும் தெரிந்த பேர்களாக எடுத்துச் சோதித்தார்கள். இல்லாத பேரை இட்டுக்கட்டிக் கூப்பிட்டார்கள், தண்ணீர் சும்மா இருந்தது. நோயில் செத்து மண்ணுக்குப் போனவர்களைக் கூப்பிட்டார்கள், சும்மாவே இருந்தது. வெளியூரில் உயிரோடு இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, குமிழி வெடித்த இடத்தில் ஒரு குவளை அள்ளி ஸ்ட்ராவை விட்டார்கள், ஸ்ட்ரா கழுத்தளவு அமிழ்ந்தது, அது ஆற்றுத் தண்ணீர். கடலில் போனவர்களைக் கூப்பிட்டு அள்ளினார்கள், ஸ்ட்ரா எழும்பி நின்றது, அது அடித் தண்ணீர், உப்பு. நாள் மாற்றி, ஆள் மாற்றி, டீச்சருக்குப் பதில் பிள்ளைகளை விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் அதேதான் வந்தது. சொல் ஒன்றுதான், வந்த தண்ணீர்தான் வேறு.

“இருக்கறவங்க மேல் தண்ணியில பேசறாங்க, இல்லாதவங்க அடித் தண்ணியில பேசறாங்கம்மா” என்று பவதாரணி வீட்டில் சொன்னாள். “அப்பாவ மட்டும் இன்னும் கூப்புடல. நீ சொன்னாத்தான் கூப்புடுவேன்.”

அஞ்சலாட்சி எழுந்து வெளியே போனாள். கருவாட்டைத் திருப்பிப் போட்டாள், மறுபடியும் திருப்பிப் போட்டாள், காய்ந்ததையும் திருப்பிப் போட்டாள். சாயங்காலம், “நாளான்னிக்கு அமாவாசை. கடல் வெள்ளம் பெருசா ஏறும், மேலயும் கீழயும் கலந்துடும். நாளைக்கே பாத்துடு” என்றாள். “எல்லாரும் வரட்டும். மறைவா செஞ்சா நம்பமாட்டாங்க.”

எல்லோரும் போனோம். டீக்கடையைக்கூடச் சாத்திவிட்டுப் போனோம். ஸ்ட்ரா எங்கள் கடை ஸ்ட்ராதானா என்று வாங்கிப் பார்த்தோம், களிமண்ணைப் பிதுக்கிப் பார்த்தோம், குவளையை மோந்து பார்த்தோம். பவதாரணியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதற்கென்று இரண்டு பேரை நிறுத்தினோம். அவள் குரல் போடுகிறாளா இல்லையா என்று தெரிய வேண்டாமா? பேரை டீச்சர் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. தணிகாசலம் கூட்டத்துக்கு வெளியே நின்றான், முகம் வெளிறிப் போயிருந்தது. உப்பு என்று வந்தால் ஆள் மாட்டினான் என்று எங்களுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

“டீச்சர், வேணாம்” என்றான் அவன். “ஸ்ட்ராவ வெச்சி ஒரு மனுசன் சாவ முடிவு பண்ணுவீங்களா?”

டீச்சர் அஞ்சலாட்சியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

“வடமலை” என்று டீச்சர் கூப்பிட்டார்.

கடல் வெள்ளம் வற்றிக்கொண்டிருந்த நேரம். ஆற்றுத் தண்ணீர் பழுப்பாக எங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேற்பரப்பில், கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு குமிழி எழுந்து வெடித்தது. “உள்ளேன் சார்” என்றது. பவதாரணி அந்த இடத்திலேயே குவளையைத் தாழ்த்தி அள்ளினாள், ஸ்ட்ராவை விட்டாள், ஸ்ட்ரா இறங்கியது, கடைசிக் கோடும் முங்குகிற மாதிரி இறங்கி நின்றது. அவள் குவளையைச் சுற்றிக் காட்டினாள். தண்ணீர் சிந்தாமல் ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவந்து காட்டினாள். ஒரு கிழவர் விரலை விட்டு நக்கிப் பார்த்து, “நல்ல தண்ணி” என்றார். கூட்டத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். இருக்கிறான், வடமலை இருக்கிறான் என்று ஆளுக்கு ஆள் சொன்னோம். அஞ்சலாட்சி மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அவள் சிரித்து நாங்கள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது. இருக்கிறவர் ஏன் வரவில்லை? கடலில் விழுந்தவர் எப்படி இருக்கிறார்? அவள் திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தாள், அவள் பார்த்ததும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அவன் சேற்றிலேயே மண்டியிட்டுவிட்டான்.

“நாங்க கடலுக்கே போவல அண்ணி. இந்த ஆத்து வழியாவே மேல ஏறிப் போயி மதகுகிட்ட எறக்கி விட்டேன். அங்க ஒருத்தி பையோட நின்னுக்கினு இருந்தா. கடல்ல பூட்டேன்னு சொல்லிடுடா, அவ அழுது தீத்துடுவா, விட்டுட்டுப் பூட்டேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டான்னு என் கால்ல விழுந்துச்சி. அண்ணன் கால்ல விழுந்தா நான் என்னா பண்ணுவேன்?”

“ஊரே உன்னக் கொலகாரன்னு சொல்லிச்சே தம்பி. அப்பக்கூட வாயத் தெறக்கலியே.”

“சொன்னா ஒனக்குத்தான அசிங்கம், அண்ணி.”

“எனக்கா?” என்று கேட்டாள் அஞ்சலாட்சி. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தோம். அவள் முந்தானையால் மகளின் கையிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள், துடைத்துக்கொண்டே அழுதாள். இவ்வளவு நாள் கொலைகாரன் என்று ஒதுக்கி வைத்தவனிடம் போய்த் தப்பு எங்களுடையது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இன்னும் எதையாவது மறைத்திருப்பானோ என்று வீடு திரும்பும்போது பேசிக்கொண்டோம்.

அன்று மாலையே அஞ்சலாட்சி பஞ்சாயத்தார் முன்னால் வந்து நின்றாள்.

“நாளைக்கு அமாவாசைக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கப் போறோம். ஊர் வந்து நிக்கணும்” என்றாள்.

“உசுரோட இருக்கறவனுக்கா?” என்று தலைவர் எழுந்தேவிட்டார். “எந்த ஊர்ல இருக்குது இந்த வழக்கம்?”

“உள்ளேன்னா தண்ணிக்குள்ள இருக்கேன்னு அர்த்தம்னு நீங்கதான தீர்ப்பு சொன்னீங்க? அந்தத் தீர்ப்பு அப்படியே இருக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். தாலிய நானே கழட்டிக்கறேன், யாரும் கைய வெக்கக் கூடாது. பூ வெப்பேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்.”

சொன்ன தீர்ப்பை மாற்றிக்கொள்வது எங்கள் பஞ்சாயத்துக்குப் பழக்கமில்லை. தலைவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்தார், பிரித்தார், “செய்ங்க” என்றார்.

தை அமாவாசை உச்சிப்பொழுதில் வெள்ளம் கரைமுட்ட ஏறி நின்றது. மேலே எது கீழே எது என்று பிரிக்க முடியாமல் முகத்துவாரம் முழுக்க ஒரே நிறமாக இருந்தது. இலை போட்டு, பிண்டம் பிடித்து வைத்து, பண்டாரம் தர்ப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, “பேர சொல்லிக் கூப்புடுங்க” என்றார். தணிகாசலம் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அஞ்சலாட்சி அவனைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரு, அவங்க, பவதாரணி பிறந்தபின் பாப்பாவோட அப்பா என்றே சொல்லிப் பழகியவள், வெறும் பேராக, தெருவில் போகிற யாரையோ கூப்பிடுகிற மாதிரி, “வடமலை” என்றாள்.

தண்ணீர் குமிழி விட்டு, “உள்ளேன் சார்” என்றது.

பண்டாரத்தின் கை நின்றுவிட்டது. அஞ்சலாட்சி மறுபடியும், “வடமலை” என்றாள். தண்ணீரும் மறுபடியும் சொன்னது, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் உரக்க, வகுப்பில் தன்னை யாரும் கவனிக்கவில்லையோ என்று பயந்த பையன் சொல்வது போலச் சொன்னது. மூன்றாவது தடவை அவள் கூப்பிடவே இல்லை, அது தானாகவே சொன்னது. ஒரு சத்தத்துக்கு ஊரே ஓடிப் போய்ப் பார்க்கிற நாங்கள், செருப்புக்கு ஒரு வாரம் சண்டை போட்ட நாங்கள், அன்றைக்கு ஒருவர்கூடத் தண்ணீர்ப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. குழந்தைகளின் தலையையும் பிடித்து இந்தப் பக்கமே வைத்துக்கொண்டோம்.

“ம், ஆகட்டும்” என்றாள் அஞ்சலாட்சி. பண்டாரம் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

தமயந்தி டீச்சரால் மட்டும் தாங்க முடியவில்லை. அவர் எங்கள் ஊர் இல்லையே. அவர் குனிந்து பவதாரணியின் காதோரம், “பவா, உனக்குக் கேட்டுச்சு இல்ல?” என்று கேட்டார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் தெளிவாகவே வந்தது.

“எனக்கு ஒண்ணும் கேக்கல டீச்சர்” என்று சொல்லிவிட்டு, எள்ளுக்குக் கையை நீட்டினாள்.